ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாம் புதுசு, அப்பவும் வண்டி சூடாகுது

தேவகோட்டைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். 2009 மாடல் பெட்ரோல் காரு, அப்பா ஆசையா வாங்குனது. போன மாசம் ரேடியேட்டர் ஒழுகுச்சு, சரின்னு தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட விட்டு ரேடியேட்டர், வாட்டர் பம்ப், இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு விடுற தெர்மோஸ்டாட் வால்வு, ரெண்டு ஹோஸ் எல்லாத்தையும் மாத்தி, இன்ஜினை ஆறவைக்கிற புது கூலன்ட் ஊத்தி எடுத்தாச்சு. காரைக்குடி வரைக்கும் போய்ட்டு வந்தா ஒண்ணும் தெரியல. ஞாயித்துக்கிழமை திருச்சிக்கு கிளம்பி திருமயம் கோட்டைய தாண்டுறதுக்குள்ள சூடு காட்டுற முள்ளு மேல ஏறுது, தானா இறங்குது, திரும்ப சடார்னு சிவப்புகிட்ட போகுது. புளியமரத்தடியில ஆறவிட்டு அப்படியே திரும்பிட்டோம். மெக்கானிக் வால்வை கழட்டிட்டு ஓட்டுங்க சரியாயிரும்ங்கிறாரு. அம்மாவை மாசாமாசம் மதுரை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறது இந்த வண்டிலதான், மேலூர்கிட்ட நின்னுபோச்சுன்னா என்ன பண்றதுன்னு தூக்கமே வரல.

கானாடுகாத்தான் தம்பி:
அண்ணே ஃபேன் ஓடுதா? ரேடியேட்டர் மாத்துறப்ப ஃபேன் பிளக்கை கழட்டுவாங்க, திரும்ப மாட்ட மறந்துருப்பாங்க. பெரும்பாலான வண்டியில ஏசி போட்டாலே ஃபேன் சுத்தும், பாத்துட்டு சொல்லுங்க.

பழைய ஸ்பேனர்:
ஃபேன் கோளாறுன்னா நிக்கிறப்பவும் ஊருக்குள்ள ஊர்றப்பவும்தான் சூடாகும் தம்பி, ரோட்டுல வேகமா போறப்ப எதிர்காத்தே போதும். இவருக்கு ஓடுறப்ப ஏறுது, அதுவும் ஏறி இறங்குது, அதைத்தான் கவனிக்கணும். கூலன்ட் ஓடுற வழியில காத்து அடைச்சிருக்குன்னு தோணுது. ஒண்ணு பண்ணுங்க, முள்ளு ஏறுறப்ப ஹீட்டரை ஃபுல்லா திருப்புங்க, நம்மூர்ல யாரும் அதைத் தொட்டே இருக்க மாட்டாங்க. சூடான காத்து வரலைன்னா ஹீட்டர் பக்கம் இன்ஜின் சூட்டுத்தண்ணி போகலைன்னு அர்த்தம். வால்வை மட்டும் கழட்டாதீங்க, கைகூப்பி கேட்டுக்கிறேன். அது இல்லாட்டி இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடுதலா குடிக்கும், சில இன்ஜின்ல சூட்டுத்தண்ணி ரேடியேட்டருக்கே போகாம பைபாஸ்ங்கிற குறுக்கு வழியிலயே சுத்தி இன்னும் மோசமாயிரும்.

தேவகோட்டைக்காரன்:
அண்ணே, ஃபேன் நல்லா சுத்துது. ஹீட்டர் போட்டா பச்சைத்தண்ணி மாதிரி குளுந்த காத்துதான் வருது! டேஷ்போர்டுக்குள்ள களகளன்னு சத்தம் வேற.

பழைய ஸ்பேனர்:
அப்ப காத்துதான். காலையில இன்ஜின் நல்லா ஆறுனப்புறம், சூட்டோட ரேடியேட்டர் மூடியை திறந்து கையை வேகவச்சுக்காதீங்க, ஊருணிக் கரை ஏத்தம் மாதிரி இடத்துல மூக்கு மேல பாக்க வண்டிய நிறுத்தி சக்கரத்துக்கு கல்லு வச்சிருங்க. ஹீட்டர் ஃபுல் சூட்டுல, மூடி திறந்தபடி, கூலன்டை மெதுவா ஊத்தி ஸ்டார்ட் பண்ணி சும்மா ஓடவிடுங்க. 82லருந்து 88 டிகிரிக்குள்ள வால்வு திறக்கும், அப்ப குமிழு குமிழா வந்து மட்டம் சட்டுனு இறங்கும், ஊத்திக்கிட்டே இருங்க. துணிய சுத்தி மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க. ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்து மூடுங்க, மறுநாள் காலையில திரும்ப மட்டம் பாருங்க. எவ்வளவு நேரம் விட்டாலும் குமிழு நிக்கலைன்னா, இல்ல ஆயில் மூடிக்கு அடியில பால் மாதிரி இருந்தா, ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற அடைப்புத் தகடை, சோதிக்கணும், அதுக்கு மேல ஓட்டாதீங்க.

பள்ளத்தூர் வளவு:
மூடியையும் மாத்துங்க, ரப்பர் வெடிச்சிருந்தா அழுத்தம் நிக்காது. 0.9 பார் அழுத்தம் தாங்குற மூடி ஒழுங்கா இருந்தா பாதிக்குப் பாதி தண்ணி கலந்த கூலன்ட் 120 டிகிரி தாண்டியும் கொதிக்காது. போர் தண்ணி ஊத்திருந்தாங்களான்னு கேளுங்க, உப்பு படிஞ்சு புது ரேடியேட்டரையும் அடைச்சிரும். எங்க அப்பத்தா முத்தத்துல அண்டா வச்சு மழைத்தண்ணி பிடிப்பாக, முன்னெல்லாம் ஐயா கார்ல அதைத்தான் ஊத்துவாக, இப்ப டிஸ்டில்டு வாட்டரே கடையில கிடைக்குது.

தேவகோட்டைக்காரன்:
நேத்து ஒன்றரை லிட்டருக்கு மேல உள்ள போச்சு அண்ணே, அவ்வளவு காலியா இருந்துருக்கு. குமிழும் நின்னுருச்சு, ஆயில் மூடி சுத்தமா இருக்கு. மூடி ரப்பர் நெசமாவே கிழிஞ்சிருந்துச்சு, புதுசு போட்டுட்டேன். இன்னைக்கு புதுக்கோட்டை வரைக்கும் ஏசி போட்டே போய்ட்டு வந்தேன், முள்ளு பாதியத் தாண்டல. மட்டம் அரை விரல் குறைஞ்சிருக்கு, அது சரிதானா?

பழைய ஸ்பேனர்:
சரிதான், மிச்சமிருந்த காத்து வெளிய வருது. ஊத்தி வச்சுட்டு நாலு நாள் காலையில பாருங்க, குறையறது நின்னுச்சுன்னா அம்மாவை தாராளமா கூட்டிட்டுப் போகலாம்.