குண்டு விழும் அந்தச் சில நொடிகள்: உயர் அழுத்தத்தில் பாறைக்குழம்பின் பாகுநிலை அளந்தவர்கள் பகிரலாம்

கரும்பாறை:
உருகிய பாறையில் சிறு உலோகக் குண்டு இறங்கும் வேகத்தை வைத்து, குழம்பு எவ்வளவு கெட்டி என்பதை, அதாவது பாகுநிலையை, அளக்கும் சோதனை. மல்டி ஆன்வில் (மாதிரியைப் பல பக்கமும் அழுத்தும் கருவி), உள்ளே பார்க்க சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரே, பசால்ட் எரிமலைப் பாறை, 3 ஜிகாபாஸ்கல் அழுத்தம். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். உருகுநிலை தாண்டிவிட்டதாக வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் காட்டுகிறது, பிளாட்டினம் குண்டோ திரையில் கறுப்புப் புள்ளியாக அசையாமல் நிற்கிறது. சட்டென்று நழுவியது. பாதி தூரம் வந்ததும் ஒரு கணம் தயங்கி, மறுபடி இறங்கியது. அந்தத் தயக்கம் இன்னும் உறுத்துகிறது. உருகாத படிகத்தில் தட்டியதா, குமிழி ஒட்டியதா? படத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆல்பைட்:
விழுவதை நேரில் பார்த்தீர்களே, கொடுத்துவைத்தவர். எங்களிடம் உள்ளே பார்க்க வழியில்லாத பிஸ்டன் சிலிண்டர் அழுத்தக் கருவி மட்டும்தான். குறித்த நேரம் சூட்டில் வைத்து, சட்டென்று குளிர்வித்து, உறைந்த கண்ணாடியை அறுத்துக் குண்டைத் தேட வேண்டும். ஒரே வெப்பநிலை, ஒரே நேரம். ஆனால் அழுத்தம் கூடிய கேப்சூலில் (மாதிரியை அடைக்கும் சிறு குப்பியில்) குண்டு இன்னும் ஆழத்தில் கிடந்தது! ஜப்பானிய ஆய்வாளர் குஷிரோ 1976-லேயே ஜேடைட் (சோடியம்-அலுமினியம் சிலிக்கேட் கனிமம்) குழம்பில் காட்டியதுதான், இருந்தாலும் அறுத்த முகத்தில் பார்த்தபோது சிலிர்த்துவிட்டது. அழுத்தினால் குழம்பு இளகுகிறது.

டயாப்சைடு:
பொதுவாக அப்படிச் சொல்லாதீர்கள், ஆல்பைட். சிலிக்காவும் அலுமினாவும் வலையாக இறுகப் பின்னிய குழம்புக்குத்தான் அது பொருந்தும். வலை அறுந்த டயாப்சைடு (கால்சியம்-மக்னீசியம் சிலிக்கேட் கனிமம்) குழம்பில் அழுத்தம் ஏற ஏறப் பாகுநிலை முதலில் கூடத்தான் செய்யும். என் குண்டு மெதுவாக இறங்கியதை நானே பார்த்தேன்.

கரும்பாறைக்குச் சில விஷயங்கள். போரான் நைட்ரைடு கேப்சூல் என்றால் மாற்றிவிடுங்கள், போரான் கரைந்து குழம்பை இளக்கிவிடும். பிளாட்டினம் பசால்ட்டிலிருந்து இரும்பை இழுத்துக்கொள்ளும், சூட்டில் வைக்கும் நேரத்தைக் குறையுங்கள். பொடியை நன்றாக உலர்த்துங்கள், சிறிதளவு நீரே பாகுநிலையைச் சரித்துவிடும். அப்புறம் சுவரின் தாக்கம்: குண்டின் விட்டம் கேப்சூல் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே சுவர் குண்டின் வேகத்தைக் குறைப்பதற்கான ஃபாக்சன் திருத்தம் சுமார் 20 சதவீதம் வரும். சுவரைக் கணக்கில் எடுக்காத வெறும் ஸ்டோக்ஸ் விதியில் (குண்டின் வேகத்திலிருந்து பாகுநிலை தரும் விதி) கணக்கிட்டால் பாகுநிலை உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். மாதிரியிலும் மேலுக்கும் கீழுக்கும் வெப்பநிலை வித்தியாசம் இருக்கும், அதையும் பாருங்கள்.

கரும்பாறை:
கேப்சூல் கிராஃபைட்தான், ஃபாக்சன் திருத்தமும் போட்டாயிற்று. நான் கேட்டது அந்தத் தயக்கத்தைப் பற்றி.

எரிகுழம்பு:
எங்களுக்கும் ஒருமுறை அப்படியே நின்றது. குளிர்ந்த மாதிரியை அறுத்தபோது, குண்டு நின்ற உயரத்தில் ஆலிவின் படிகங்கள் இருந்தன. அதற்குக் கீழே ஒவ்வொரு படத்துக்கும் இடையில் குண்டு நகர்ந்த தூரம் சமமாக இருந்ததால் அந்த வேகத்தைத்தான் எடுத்தோம். உங்கள் மாதிரியை இன்னும் அறுக்கவில்லை என்றால் அறுத்துப் பாருங்கள்.