அக்காவின் கை: குடும்பக் குழுவில் பேசியது

அக்கா: ஒரு வாரமாக இடது கை கனமாக இருக்கிறது. மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்த பக்கம். இன்றைக்கு வளையல் சவர்க்காரம் போட்டுத்தான் கழன்றது. முழங்கைக்குக் கீழே விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது.

பெரியம்மா: தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன அசதியாக இருக்கும் பிள்ளை. நல்லெண்ணெயைச் சூடு காட்டி நன்றாக இழுத்துத் தேய், உப்பு ஒத்தடமும் கொடு.

சித்தி: பெரியக்கா, தேய்க்கவும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். மகள், எனக்கு நிணநீர் வீக்கம் மாதிரி தெரிகிறது. உனக்கு அக்குளில் இருந்த நிணநீர் நெறிகளையும் எடுத்தார்கள்தானே, அப்புறம் கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். கையில் ஊறும் நீர் திரும்புகிற வழியே அதுதான், வழி குறைந்தால் நீர் கையிலேயே தங்கிவிடும். 30 வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன், ஆபரேஷன் முடிந்து வருடக்கணக்கில் கழித்தும் இது வரும்.

அண்ணன்: நோய் திரும்பி வந்துவிட்டதா சித்தி?

சித்தி: இந்த வீக்கம் வந்தாலே நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் டொக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், இரத்தம் கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மெத்தென்று இருக்கும்போதே கவனித்தால் வீக்கம் இறங்கும், விட்டால் தோல் தடித்து இறுகிவிடும்.

அக்கா: கிளினிக் திகதி அடுத்த மாதம்தான். இடையில் போனால் அன்றைய பேர் போய்விடும், நாள் சம்பளம் கிடையாது, ஏற்கனவே கொழுந்து கிலோ குறைந்து இரண்டு நாள் அரைப் பேர்தான் போட்டார்கள்.

அண்ணன்: பேர் போனால் போகட்டும் அக்கா. அந்தச் சம்பளமும் பஸ் காசும் நான் தருகிறேன்.

தங்கை: அப்போ இனிக் கொழுந்து பறிக்கவே கூடாதா?

சித்தி: கையை முடக்கிப் போடவும் கூடாது. அந்தக் கையால் ஒன்றும் தூக்காதே என்றுதான் முந்தி நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2009இல் 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வந்தது, கண்காணிப்போடு கொஞ்சங்கொஞ்சமாகப் பாரம் கூட்டியவர்களுக்கு அதனால் வீக்கம் கூடவில்லை. அதற்காக நாளைக்கே கொழுந்துச் சாக்கைச் சுமக்காதே, பிசியோதெரபி மிஸ்ஸிடம் கேட்டுச் செய். இறுக்கமான கைச்சட்டையும் கையை அளந்துதான் தருவார்கள், நீயாகப் பேண்டேஜ் வாங்கிச் சுற்றாதே.

எனக்குப் பெரிய பயம் அட்டைக்கடியும் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி கீறுவதும்தான். அந்தக் கையில் தோல் கிழிந்தால் கிருமி சுலபமாகப் பிடிக்கும். முழுக்கைச் சட்டை போடு. கை சிவந்து சுட்டு, குளிர் காய்ச்சல் வந்தால் நடுச்சாமம் என்றாலும் ஆஸ்பத்திரி, விடியட்டும் என்று படுத்திருக்காதே.

அக்கா: சித்தி, முந்தாநாள் அட்டை கடித்தது அந்தக் கையில்தான். சொறிந்து புண்ணாகிவிட்டது.

சித்தி: இப்பவே படம் அனுப்பு. காய்ச்சல் இருக்கிறதா?

அக்கா: இல்லை. சிவப்பு ஐந்து ரூபாய்க் குற்றி அளவுதான்.

சித்தி: பேனையால் சிவப்பைச் சுற்றிக் கோடு போடு. இரவில் கோட்டைத் தாண்டினாலோ உடம்பு சுட்டாலோ உடனே போக வேண்டும், எனக்கும் போன் எடு. இல்லாவிட்டாலும் நாளைக் காலையில் போகிறாய், திகதி பார்க்க வேண்டாம்.

அண்ணன்: முதல் பஸ்ஸுக்கு நான் சந்தியில் நிற்கிறேன். கிளினிக் கொப்பியை மறக்காதே அக்கா.

பெரியம்மா: எண்ணெய் தேய்க்காதே பிள்ளை, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன். விடிய உன் லயத்து வீட்டுக்கு வருகிறேன், சின்னவனை நான் ஸ்கூலுக்கு அனுப்புகிறேன்.

அக்கா: கோடு போட்டுவிட்டேன் சித்தி. படம் அனுப்புகிறேன்.