பழைய ஹெரால்டு, அம்பாசடர், பத்மினி கார்கள்: விலை பேசும் முன் கண்ணில் பட்டவை (அனுபவப் பகிர்வு)

வண்டலூர்_948

ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு, ஈரோட்டில் விலைக்கு வந்தது. பெயிண்ட் பளபளப்பு, சீட் புதுசு, இன்ஜின் ஒரே செல்ஃபில் பிடித்தது. ஷெட்டிலிருந்து வெளியே எடுக்க ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் திருப்பியபோது இடது முன்சக்கரம் அப்படியே மடங்கி மட்கார்டுக்குள் போய்ப் படுத்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

ஹெரால்டு பார்த்தவர்களுக்குத் தெரியும், ட்ரன்னியன்தான். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்கின் அடிமுனை மரை, பித்தளை ட்ரன்னியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழற்சி. அதற்குப் போட வேண்டியது 90 கியர் ஆயில். இந்த வண்டியில் நிப்பிள் வைத்து வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்திருந்தார்கள். கிரீஸ் மரை முழுக்கப் பரவாது, கெட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும். உள்ளே புகுந்த தண்ணீர் மரையின் மேல் விளிம்பை அரிக்கும். லிங்கிலேயே மெல்லிய இடம் அதுதான். உடைந்த முகத்தில் பெரும்பகுதி பழுப்பு, ஓரத்தில் மட்டும் பளிச்சென்ற உலோகம். விரிசல் பழையது, கடைசி ஓரம்தான் அன்றைக்கு விட்டது.

ஜாக்கியில் தூக்கி சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் இது தெரியாது. ஆட்டமே இல்லாமல் அரித்திருக்கும். லிங்கைக் கழற்றி, மரையைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இடதும் வலதும் எதிரெதிர் மரை, பாகம் வாங்கும்போது கவனம். பூட்டும்போது கடைசிவரை திருகிவிட்டு, இரு பக்கமும் முழுதாக ஒடிக்க இடம் கிடைக்கும் அளவு பின்னால் எடுக்க வேண்டும். அடிமுட்ட இறுக்கி விட்டாலும் உடையும்.

தகரமும்_பட்டியும்

மேலே எழுதியது அத்தனையும் சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் ஒரு மார்க் 3-ஐ வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ட்ரன்னியனும் லிங்கும் கிடைக்கிற பாகம். ட்ரையம்ப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் முன்பக்கமும் இதே குடும்பம் என்பதால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அதைவிடப் பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

நாலு கதவு ஹெரால்டு நம் ஊரில் மட்டும் செய்தது. அதன் பின் கதவு, பின் கதவுக் கண்ணாடி, பீடிங் எதுவும் இங்கிலாந்துக் கேட்டலாக்கில் கிடையாது. சேலத்தில் நின்ற ஒரு வண்டியில் இடது பின் கதவே கையால் தட்டிச் செய்தது, கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக். விற்றவர் இன்ஜின் போரிங் செய்த பில்லைக் காட்டி விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். 948 சிசி இன்ஜின் எந்த லேத்திலும் எழுந்துவிடும். அந்தக் கதவுக்கு இன்னொரு செத்த வண்டி கிடைக்க வேண்டும்.

அடுத்து சேசிஸ். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ், பாடி போல்ட்டில் உட்கார்வது. நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கள்தான் பாடியின் ஓரத்தைத் தாங்குகின்றன. அங்கே கறுப்பு அண்டர்கோட்டிங் புதிதாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீர் என்னும், துருவேறியது மந்தமாகக் கேட்கும். பின் டிஃபரன்ஷியலைத் தாங்கும் இடத்தையும் விடாதீர்கள். கதவு இடுக்கையும் பாருங்கள்: மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் நடுப்பாகம் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். துணி சுற்றிய காந்தம் பட்டி போட்ட இடத்தைச் சொல்லிவிடும்.

வெல்டிங் செய்யச் சொன்னால், பாடியைத் தூக்குவதற்கு முன் கதவுத் திறப்பில் குறுக்காக ஒரு கம்பியை டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாத பட்டறையில் கதவு பிறகு எந்தக் காலத்திலும் மூடாது.

கிளட்ச்_பெடல்

இருவரும் விட்டது: கிராங்க்கின் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) முன்பின் ஆட்டம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்ச்சை அழுத்தி அழுத்தி விட, இன்னொருவர் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கலாம், கண்ணுக்குத் தெரிகிற அளவு நகரக் கூடாது. திருச்சி வண்டி ஒன்றில் புல்லி விரல் தடிமனில் பாதி வெளியே வந்து உள்ளே போனது. பின் மெயின் பேரிங்கில் கிராங்க்கை முன்பின் நகராமல் தடுக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து சம்ப்புக்குள் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழுந்துவிட்டால் கிராங்க் நேரடியாக பிளாக்கை அரைக்கும். வாஷர் இன்னும் உள்ளே இருந்தால், சம்ப்பையும் அந்த பேரிங் கேப்பையும் இறக்கி மாற்றிவிடலாம். விழுந்திருந்தால் பிளாக்கே கேள்விக்குறி. விலையில் ஒரு முழு இன்ஜினைக் கழியுங்கள். "எந்த லேத்திலும் எழுந்துவிடும்" என்பது இந்த இடத்தில் செல்லாது.

புதுப்பேட்டை_பேரிங்

அம்பாசடர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் பெல் ஹவுசிங்குக்கு (கிளட்ச்சை மூடும் கூடு) கீழே ஆயில் சொட்டு கண்டதும் ஒருவர் விலையைப் பாதிக்குக் கேட்டார். அந்த பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் காடிதான். நிறுத்திய பிறகு நாலைந்து சொட்டு வருவது அதன் இயல்பு. நீங்கள் பார்க்க வேண்டியது பிரீதரை, அதாவது இன்ஜினின் உள் காற்று வெளியேறும் வழியை. சூடான இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருகிறதா? வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, உள் அழுத்தம்தான் ஆயிலைப் பின்னால் தள்ளுகிறது. அப்போது கழிப்பது நியாயம்.

அம்பாசடருக்குத் தனி சேசிஸ் இல்லை. பின் லீஃப் ஸ்பிரிங் முன்னால் மாட்டும் இடமும் கதவுக்குக் கீழ் உள்ள பெட்டித் தகடும் அரித்திருந்தால் வண்டியின் உடம்பே போச்சு.

ஆர்சி_புத்தகம்

யாரும் கேட்கவில்லை என்றாலும் இதை எழுதியே ஆக வேண்டும், காசு போவது இங்கேதான். மதுரையில் ஒரு இரண்டு கதவு ஹெரால்டு, தகரம் அருமை. பானெட்டைத் திறந்தால் உள்ளே வேறு கம்பெனி டீசல் இன்ஜின், ஆர்.சி.யில் இன்னும் பெட்ரோல். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இன்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏற வேண்டும். ஏறாத வண்டி எஃப்.சி.யில் (தகுதிச் சான்று) நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்சும் கைவிடும்.

2021-இல் வந்த விண்டேஜ் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருந்தால் 'வி.ஏ.' வரிசையில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. இன்ஜின் மாற்றிய வண்டிக்கு இந்தக் கதவு மூடிவிடும். அசல் இன்ஜின் ஓடாமல் கிடந்தாலும், அது கூடவே வருகிறதா என்று கேளுங்கள். மூலையில் கிடக்கும் அந்த இரும்புக்கு ஓடுகிற டீசலைவிட மதிப்பு அதிகம்.

சேசிஸ் நம்பரைத் துடைத்து பென்சில் அச்சு எடுத்து ஆர்.சி.யுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 1970-களில் வங்கிக் கடனில் வாங்கி, கடன் அடைந்தும் ஹெச்.பி. (வங்கிக் கடன் குறிப்பு) நீக்காத ஆர்.சி.கள் இன்றும் சுற்றுகின்றன. அந்த வங்கி வேறு வங்கியோடு இணைந்திருந்தால் கடிதம் வாங்க அலைய வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு மகன் மட்டும் போட்டால் போதாது.

வண்டலூர்_948

மதுரை வண்டி பற்றி ஒரு கேள்வி. டீசல் எடையில் முன் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்ததா? அந்தக் கூடுதல் பாரமும் அதே ட்ரன்னியன் மேல்தான் இறங்கும்.

பின் சக்கரங்களைப் பார்க்கும்போது இன்னொன்று: ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் ஹெரால்டின் பின் சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே மடங்கித்தான் நிற்கும். கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டுப் பாருங்கள். அதன் பிறகு சக்கரத்தின் மேல் பகுதி உள்பக்கம் அதிகமாகச் சாய்ந்திருந்தால் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. 1972-இல் வந்த கேஸலில் (ஹெரால்டுக்கு அடுத்து வந்த ஸ்டாண்டர்டு கார்) பின் ஆக்சிலையே மாற்றிவிட்டதால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

ஹேண்ட்கியர்

பத்மினிக்கு ஒரே ஒரு விஷயம். கியர் விழவில்லை, கியர் பாக்ஸ் போச்சு என்று சொல்லி விற்க வந்த வண்டியில் ஸ்டியரிங் கம்பத்தின் அடியில் லிங்கேஜ் புஷ் மட்டும் தேய்ந்திருந்தது. பானெட்டைத் திறந்து, ஒருவர் லீவரை அசைக்க, அடியில் கம்பி முழுத் தூரம் நகர்கிறதா என்று பாருங்கள். லீவர் நகர்ந்து கம்பி நகரவில்லை என்றால் புஷ்தான். பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.