ஸ்லைடில் உள்ள படங்களுக்கு மாற்று உரை: எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி:
இயற்பியல் வகுப்புக்காக 40 ஸ்லைடுகள் கொண்ட பவர்பாயிண்ட் கோப்பு ஒன்றைத் தயாரித்துள்ளேன். மாணவர்களுள் ஒருவர் பார்வையற்றவர். திரையில் உள்ளதை ஒலியாக வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளின் துணையுடன் படிப்பவர். அவருக்குக் கோப்பை முன்கூட்டியே அனுப்புவதற்காகப் படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் விளக்கம், எழுதத் தொடங்கினேன். பனிக்கட்டி நீராகி, நீர் ஆவியாவது வரையிலான வெப்பநிலை வரைபடத்துக்கு மட்டுமே பத்து வரிகள் ஆகிவிட்டன. கோட்டின் நிறம், அச்சுகளின் அளவுகள் என எதையும் விட மனம் வரவில்லை. எதை விடலாம்?

மறுமொழி 1:
அந்த வரைபடத்தைக் காட்டும்போது வகுப்பில் என்ன சொல்வீர்களோ, அதையே எழுதுங்கள். கோடு நீல நிறம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை. "ஒரே சீராக வெப்பம் ஊட்டியும், வெப்பநிலை 0 டிகிரியிலும் 100 டிகிரியிலும் ஏறாமல் நிற்கிறது, 100 டிகிரியில் நிற்கும் நேரம் ஏறத்தாழ 7 மடங்கு நீளம்" என்பதுதான் அந்தப் படம் சொல்லும் பாடம். இணைய உள்ளடக்கத்தை மாற்றுத்திறனாளிகளும் அணுகுவதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையின் 1.1.1 விதி கேட்பதும், படம் ஆற்றும் அதே பணியை ஆற்றும் உரையைத்தான். "இது ஒரு படம்" என்று தொடங்கவும் வேண்டாம். அதைத் திரைவாசிப்பானே அறிவித்துவிடும். அளவீடுகள் அனைத்தும் தேவையென்றால் அவற்றை ஸ்லைடிலேயே அட்டவணையாகத் தாருங்கள், ஏனெனில் அட்டவணையில் கட்டம் கட்டமாக நகர்ந்து வேண்டியதைத் தேடலாம், மாற்று உரையில் அது இயலாது.

மறுமொழி 2:
திரைவாசிப்பானைக் கேட்டே படித்தவன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்துகிறேன். பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக வரைந்த பாய்வுப்படத்தை அப்படியே விட்டால், "செவ்வகம், வலது அம்பு, செவ்வகம்" என்று துண்டு துண்டாகத்தான் காதில் விழும். எது எதனுடன் இணைகிறது என்று புரியாமல் ஒரே ஸ்லைடை நான் பலமுறை திரும்பக் கேட்டதுண்டு. அவற்றை ஒரே குழுவாக இணைத்து, அந்தக் குழுவுக்கு ஒரே மாற்று உரை எழுதுங்கள். வெறும் அழகுக்கான படங்களை அலங்காரம் எனக் குறித்துவிடலாம். மென்பொருள் தானாக எழுதித் தரும் விளக்கத்தைத் திருத்தாமல் விடாதீர்கள். வரைபடம் எதை உணர்த்துகிறது என்பது அதற்குத் தெரியாது. படிக்கும் வரிசையையும் ஒருமுறை சரிபாருங்கள், தலைப்பு கடைசியில் ஒலித்தால் கேட்பவர் திசை தெரியாமல் நிற்பார்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து வரிகளை இரண்டாகக் குறைத்து, அளவீடுகளை அட்டவணையாக அடுத்த ஸ்லைடில் வைத்துவிட்டேன். என்விடிஏவை என் கணினியில் நிறுவிக் கேட்டபோது, மூன்றாம் ஸ்லைடில் தலைப்பு உண்மையிலேயே கடைசியில்தான் ஒலித்தது. அதையும் சரிசெய்துவிட்டே அனுப்புகிறேன்.