போர்னியோவின் கெஞா மொழிகள் எந்த மொழிகளுக்கு உறவு?

கேள்வி: குடியாத்தம் ஓய்வாசிரியர்

அனைவருக்கும் வணக்கம். என் மகன் மூன்று ஆண்டுகளாக போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்திலுள்ள மிரி நகரில் பணிபுரிகிறான். அவன் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டினர் பாராம் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார். தங்களைக் கெஞா இனத்தின் லெப்போ தாவு பிரிவினர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். (ஆப்பிரிக்க நாட்டின் பெயரோடு குழம்பாமலிருக்கவும், அவர்கள் சொல்வதில் ஞகரமே கேட்கிறது என்று மகன் சொன்னதாலும், 'கெஞா' என்றே எழுதுகிறேன்.)

அவர்களிடம் கேட்டு மகன் சில சொற்களை எழுதி அனுப்பினான். கண்ணுக்கு 'மாத்தா', மூன்றுக்கு 'தெலு', ஐந்துக்கு 'லெமா'. கண்ணும் ஐந்தும் மலாயில் 'மாத்தா', 'லீமா' என்று இருப்பதால், கெஞா என்பது மலாயின் வட்டார வழக்கா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. எங்கள் வாசகர் வட்ட நண்பர் ஒருவரோ, மலாயில் கப்பல் 'கப்பால்' என்றும் கடை 'கெடாய்' என்றும் வழங்குவதையும், போர்னியோவில் பல்லவ எழுத்துக் கல்தூண்கள் கிடைத்திருப்பதையும் காட்டி, அத்தீவின் மொழிகள் அனைத்துக்கும் தமிழே வேர் என்று உறுதியாகச் சொல்கிறார். அதை ஏற்கவும் மறுக்கவும் எனக்குப் போதிய அறிவில்லை. கெஞா, காயான், பெனான் ஆகியோர் ஒரே மொழியினரா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: காட்பாடி மொழியியல் மாணவி

ஐயா, வணக்கம். கெஞா என்பது ஒரே மொழியன்று. ஒன்றோடொன்று நெருங்கிய, ஆயினும் தம்முள் எளிதில் விளங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு ஆங்காங்கே விலகிய பேச்சு வழக்குகளின் தொகுதி. சரவாக்கின் பாராம், பாலுய் ஆற்றுப் பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் இந்தோனேசியாவின் வடக்கு, கிழக்குக் கலிமந்தான் மாகாணங்களிலும் அவை பேசப்படுகின்றன. லெப்போ தாவு, பக்குங், பாடெங் போன்ற பெயர்கள் குடியிருப்புகளுக்கும் பேச்சு வழக்குகளுக்கும் ஒருங்கே உரியவை. மக்கள் இடம்பெயரும்போது இப்பெயர்களும் உடன் செல்வதால், வரைபடத்தை மட்டும் பார்த்து இவ்வழக்குகளைப் பிரிக்க முடியாது.

கெஞா மலாயின் கிளையன்று. இரண்டும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தைவான் முதல் நியூசிலாந்து வரையிலும், மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரையிலும் பரவிய இக்குடும்பத்தில் 1,200க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. 'லீமா' என்ற சொல் மலாயிலும், பிலிப்பைன்ஸின் தகலோகிலும், பசிபிக்கின் சமோவாவிலும் ஐந்தைக் குறிக்கிறது. ஹவாயில் அது கையையும் குறிக்கும். எனவே 'லெமா'வையும் 'மாத்தா'வையும் கொண்டு கெஞா மொழி இக்குடும்பத்தது என்று சொல்லலாமே தவிர, மலாய்க்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்ல முடியாது. பாட்டன் சொத்து எல்லாப் பேரர்க்கும் வந்து சேரும். எவரெவர் உடன்பிறந்தவர் என்பதை அச்சொத்து காட்டாது. உடன்பிறப்பைக் காட்டுவது, பிற கிளைகளில் இல்லாமல் இவர்களிடம் மட்டும் சேர்ந்து நிகழ்ந்த மாற்றமே.

அப்படிப்பட்ட மாற்றத்துக்குக் கரும்பு என்னும் சொல் நல்ல எடுத்துக்காட்டு. மலாயில் அது 'தெபு'. அதில் வருவது நாம் 'கரும்பு' என்னும்போது ஒலிக்கும் மெல்லிய பகரம். மேட்டு நிலக் கெஞாவில் அது 'உப்பு' என்பதில் வரும் வல்லின ஒலியாகி, 'தெப்பு' என்பதுபோல் கேட்கிறது. அண்டையிலுள்ள கெலாபித் மொழியிலோ, கரும்பின் பகரத்தில் தொடங்கி உப்பின் பகரத்தில் முடிந்து மூச்சோடு வெளிப்படும் ஓர் அரிய ஒலி அங்கே நிற்கிறது. பிந்துலு மொழியிலும் தாழ்நிலக் கெஞா வழக்குகள் சிலவற்றிலும் காற்றை உள்ளிழுத்து ஒலிக்கும் மெய் வருகிறது. ஓரிரு சொற்களில் அன்றி, ஒரே வகைச் சொற்களில் இது ஒழுங்காக நிகழ்வதால்தான், 2022இல் மறைந்த இராபர்ட் பிளஸ்ட் என்னும் அறிஞர் கெஞா, கெலாபித்–லுன் தாயே, பெராவான்–கீழ்ப்பாராம், பிந்துலு ஆகியவற்றை 'வட சரவாக்' என்ற ஒரே கிளையாகத் தொகுத்தார். இந்த மெய்கள் பிறந்தது உயிரெழுத்துக் கெட்டு மெய்கள் நெருங்கியதனால் என்று 1974இல் விளக்கிய அவரே, குறுகிய உயிருக்குப் பின் மெய் இரட்டித்ததே காரணம் என்று 2006இல் தம் விளக்கத்தைத் திருத்தினார். முப்பதாண்டுகளுக்குப் பின்னும் தம் முடிவைத் தாமே மறுபடி சோதித்த அந்நேர்மையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

மறுமொழி 2: பாலாற்றங்கரை

காயான், பெனான் பற்றிய வினாவுக்கு நம் பக்கத்து வாழ்க்கையிலிருந்தே விடை சொல்லலாம். குடியாத்தத்தில் ஒரே தெருவில் ஒரே தொழில் செய்து, ஒரே திருவிழாவில் கூடும் இரு வீட்டாரில், ஒரு வீட்டில் தமிழும் மற்றொன்றில் தெலுங்கும் பேசுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். காயானும் கெஞாவும் அத்தகையோர். நெடிய நீளவீடுகளில் கூடி வாழ்வதிலும், மலைநெல் பயிரிடுவதிலும், சமூகப் படிநிலைகளிலும் அவர்கள் ஒத்திருப்பதால், பழைய நூல்கள் இருவரையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டன. ஆனால் காயான் மொழி வட சரவாக் கிளைக்குள் வருவதில்லை. அது வேறு கிளை.

பெனான் நிலை இதற்கு நேர்மாறானது. காட்டில் சாகோ பனையிலிருந்து மாவெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த அவர்களின் வாழ்க்கை கெஞாவினரின் வாழ்க்கையினின்று வெகுவாக வேறுபட்டது. மொழியோ கெஞாத் தொகுதிக்குள்ளேயே அடங்குகிறது. போர்னியோ மொழிகள் முழுவதையும் வகைப்படுத்தி அலெக்சாண்டர் சுமித் 2017இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு, கெஞாவை மேட்டு நிலம், தாழ்நிலம் என்று பிரித்து, பெனான், செபோப் ஆகியவற்றைத் தாழ்நிலப் பிரிவில் வைக்கிறது. 'பெனான்' என்பதோடு ஒலியொத்த 'பூனான்' என்ற பெயருடையோரின் மொழிகள் இதில் சேரா. நம் சவ்வாது மலையில் 'மலையாளி' என்று பெயர் பெற்ற மக்கள் மலையாளம் அன்றித் தமிழே பேசுவதை அறிந்த நமக்கு, பெயரை நம்பி மொழியை முடிவு செய்யலாகாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தங்கள் நண்பர் காட்டிய சான்றுகள் உண்மையானவை. அவர் எடுத்த முடிவுதான் பொருந்தவில்லை. கப்பல், கடை, முதல், கட்டில், பெட்டி போன்றவை வணிகத்தோடு மலாய்க்குள் சென்ற கடன் சொற்கள். எண்ணுப்பெயர்களும் கண், கை போன்ற உறுப்புப் பெயர்களும் அங்கே தமிழல்ல. மகாகாம் ஆற்றங்கரையில் மூவாரா காமானில் கிடைத்த ஏழு யூபத் தூண்கள் (வேள்வித் தூண்கள்) ஏறத்தாழ கி.பி. 400ஐச் சேர்ந்தவை. அவற்றின் எழுத்தே பல்லவ மரபினது, மொழி வடமொழி. நம் மகேந்திரவாடிக் குடைவரைக்கு இரு நூற்றாண்டு முந்திய அத்தூண்கள் மூலவர்மன் என்னும் அரசன் அந்தணர்க்கு அளித்த கொடையைச் சொல்கின்றன. அவனுடைய பாட்டன் பெயரான 'குண்டுங்க' என்பது உள்ளூர்ப் பெயர் என்றே பலரும் கருதுகின்றனர். எழுத்து பயணம் செய்யும். அதனால் பேசுவோரின் தாய்மொழி மாறிவிடுவதில்லை. இதைச் சொல்வதால் தமிழின் பெருமை ஓர் அணுவும் குறையாது.

மறுமொழி 3: ஆம்பூர் வாசகர்

வட சரவாக்கிற்கு மேலுள்ள படியைப் பற்றியும் பேச வேண்டும். 2010இல் பிளஸ்ட், போர்னியோவின் வடபகுதியிலுள்ள சபா மாநில மொழிகள், வட சரவாக், காயான், மலாய், மேற்குச் சாவகத்தில் (ஜாவாவில்) பேசப்படும் சுந்தானியம் முதலியவற்றை ஒன்று சேர்த்துப் 'பெரு வட போர்னியோ' என்ற பெருங்கிளையை முன்மொழிந்தார். அதன் முதன்மைச் சான்று ஏழு என்னும் எண். மூதாதை மொழியின் 'பித்து' சாவக மொழியில் 'பித்து' என்றும், தகலோகில் 'பித்தோ' என்றும், மடகாஸ்கரில் 'ஃபித்து' என்றும் நிற்க, மலாயிலோ 'துஜுஹ்', கெலாபித்தில் 'துடு' என்று, சுட்டுதல் என்னும் பொருளிலிருந்து பிறந்த புதுச்சொல் வந்துள்ளது. மடகாஸ்கர் மொழியின் முன்னோர் தென்கிழக்குப் போர்னியோவிலிருந்து சென்றவர்களாயினும் அம்மொழி இக்கிளைக்குள் வராது என்பது வியப்பூட்டும் விளைவு.

ஆயினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. கன்னடத்தில் 'கிவி' என்றிருப்பது தமிழில் 'செவி', தெலுங்கிலும் 'செவி'. இம்மாற்றத்தை மட்டும் நம்பினால், நடு இந்தியாவின் கோண்டி மொழியோடு சேர வேண்டிய தெலுங்கை நாம் தமிழின் உடன்பிறப்பாக்கிவிடுவோம். அதுபோல் வணிக மொழியான மலாயிலிருந்து ஏழு என்னும் சொல் மற்ற மொழிகளுக்குப் பரவியிருக்கக்கூடாதா?

மறுமொழி 4: காட்பாடி மொழியியல் மாணவி

நல்ல வினா ஐயா. மலாயில் வழி 'ஜாலான்', கெலாபித்தில் 'டாலான்'. ஜகரம் டகரமாகும் அதே ஒழுங்கைத்தான் 'துஜுஹ்', 'துடு' இணையிலும் காண்கிறோம். அண்மைக் காலக் கடனாக இருந்தால் ஜகரம் அப்படியே நின்றிருக்கும். மிகப் பழங்காலத்திலேயே பரவியிருக்கலாம் என்ற வாய்ப்பை இது முற்றிலும் அடைப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு சொல் மாறுவதைவிட ஒலி ஒழுங்காக மாறுவது வலுவான சான்று. ஆகவே வட சரவாக் கிளையைப் பெருங்கிளையைக் காட்டிலும் உறுதியானதாக நான் கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்: குடியாத்தம் ஓய்வாசிரியர்

அம்மா, ஐயா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மகனிடம் சொல்லி, அடுத்த வீட்டு மூதாட்டியாரிடம் கரும்புக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்கச் செய்தேன். அவர் சொன்னதை மகன் கைப்பேசியில் பதிந்து அனுப்பியிருக்கிறான். நான்கு முறை போட்டுக் கேட்டேன். ஐயத்துக்கு இடமின்றி உப்பின் பகரமே ஒலிக்கிறது. அந்த அம்மையாரின் மருமகள் செபோப் ஊரிலிருந்து வந்தவராம். அவர் வாயில் அச்சொல் எப்படி ஒலிக்கிறது என்பதையும் வரும் ஞாயிற்றுக்கிழமை பதியச் சொல்லியிருக்கிறேன். கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.