நேப்பியர் புல் சைலேஜில் கெட்ட வாடை, மாடு முகர்ந்துவிட்டு விலகுகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி

சைலேஜுக்காக, அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனத்துக்காக, நேப்பியர் புல்லை வெட்டி, நறுக்கி, குழியில் போட்டு நன்றாக மிதித்து, பாலித்தீன் தாளால் மூடியிருந்தேன். ஒன்றரை மாதம் கழித்து இப்போதுதான் திறந்தேன். கரும்பச்சை நிறம், தொட்டால் வழவழப்பு. கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. அடியில் பழுப்பு நீர் தேங்கியிருக்கிறது. தாள் கிழிந்திருந்த ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை.

மக்காச்சோளத்தில் போட்டபோது எதையும் சேர்க்காமலே நன்றாக வந்தது. இப்போது வெல்லப்பாகு தெளித்து வைத்தால் மாடு தின்னுமா? புதிதாகக் கன்று ஈன்ற மாடுகளும் தொழுவத்தில் இருக்கின்றன.

பதில் 1

தெளிக்க வேண்டாம், பொறுங்கள். முதலில் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள், சாறு சொட்டுகிறதா? அப்புறம் கொஞ்சத்தைச் சுத்தமான நீரில் ஊறவைத்து, அந்த நீரில் பிஎச் தாளை (அமிலத்தன்மையைக் காட்டும் தாள்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) நனைத்துப் பாருங்கள். குழியில் நாலைந்து இடத்தில் எடுத்துப் பார்த்தால்தான் நம்பலாம். அதுவரை ஈன்ற மாட்டுக்கும் சினை மாட்டுக்கும் இதை வைக்காதீர்கள்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன். பெரும்பாலான இடத்தில் சாறு சொட்டுகிறது, பிஎச் 5-க்கு மேல். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் கலந்த பச்சையாக, நல்ல புளிப்பு வாடையோடு இருக்கிறது. அங்கே பிஎச் 4 சொச்சம், சாறும் வரவில்லை. அது கடைசியாகப் போட்ட புல். வெட்டிய பிறகு மாலைவரை வெயிலில் கிடந்தது.

பதில் 2

அந்த வெயில்தான் வித்தியாசம். வெட்டிய உடனே நேப்பியரில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்தான். சைலேஜ் நிலைத்து நிற்க, லாக்டிக் அமிலப் பாக்டீரியா புல்லிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை வேகமாகக் கூட்ட வேண்டும். மக்காச்சோளத்தில் சர்க்கரை போதுமான அளவு இருக்கும், அமிலத்தை எதிர்க்கும் தன்மையும் குறைவு. புல்லில் இரண்டும் நமக்கு எதிராக இருக்கின்றன. ஈரமும் மிஞ்சிவிட்டால் கிளாஸ்டிரிடியம் பாக்டீரியா புகுந்துவிடும். அது உருவான லாக்டிக் அமிலத்தையே தின்று பியூட்டிரிக் அமிலமாக மாற்றும், புரதத்தையும் சிதைத்து அம்மோனியா ஆக்கும். அதனால்தான் பிஎச் ஏறி, அந்த வாடை வருகிறது.

வெல்லப்பாகு இப்போது வாடையை மறைக்கலாம், தீவனத்தைத் திருத்தாது. மாடு ஏமாந்து தின்றுவிடும், அதுதான் எனக்குப் பயம். பியூட்டிரிக் அமிலம் உடலில் கீட்டோனாக மாறுகிறது. ஈன்ற புதிதில் உடம்பில் சக்தி போதாமல் இருக்கும் மாட்டுக்கு இது கீட்டோசிஸ் (இரத்தத்தில் கீட்டோன் மிஞ்சிப்போகும் நோய்) வரை கொண்டுபோகும். மண் கலந்து பிஎச் ஏறிய சைலேஜில் லிஸ்டீரியா கிருமியும் வளரும். சினை கலைய அதுவும் ஒரு காரணம். எனவே வழவழப்பான பகுதியை எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள். பூஞ்சைப் பகுதியை, சுற்றியுள்ள ஒரு சாண் அளவையும் சேர்த்து வெட்டி எறியுங்கள். எவ்வளவு உழைப்பு வீணாகிறது என்று தெரியும், இருந்தாலும் மாடு அதைவிட முக்கியம்.

நல்ல பக்கத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தலைக்கு 5 கிலோவில் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கூட்டுங்கள். வெட்டுமுகம் (சைலேஜ் எடுக்கும் திறந்த பக்கம்) முழுவதிலும் தினமும் ஒரு சாண் அளவாவது எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் பட்டுச் சூடேறிவிடும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் அறிகுறி.

அடுத்த முறை: மழையில்லாத நாளாகப் பார்த்து வெட்டி, உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சுவது) 30 சதவீதத்தை ஒட்டி வரும்வரை வாடவிடுங்கள். பிழிந்தால் சாறு சொட்டாமல், கையைத் திறந்ததும் உருண்டை மெல்லப் பிரிய வேண்டும். 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்குங்கள். 100 கிலோ புல்லுக்கு 3 அல்லது 4 கிலோ வெல்லப்பாகு; தண்ணீர் அதிகம் கலக்காமல் அடுக்கடுக்காகத் தெளியுங்கள். சர்க்கரை சேர்க்கும் நேரம் அதுதான், திறந்த பிறகு அல்ல.

பதில் 3

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அளவுக்கு மீறி வாடவிட்டாலும் சிக்கல்தான். புல் அமுங்காது, உள்ளே காற்று நின்று சூடேறி, புகையிலை வாடையோடு பழுப்பாகிவிடும். மாடு அதை விரும்பித் தின்னும் என்பதால் நல்ல சைலேஜ் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் புரதத்தில் ஒரு பகுதி செரிக்காமல் சாணத்தில் போய்விடும். ஆய்வகத்துக்கு அனுப்பினால் கச்சாப் புரதம் (நைட்ரஜனை வைத்துக் கணக்கிடும் மொத்தப் புரத அளவு) மட்டும் கேட்காமல் உலர்பொருள், பிஎச், அம்மோனியா நைட்ரஜன் மூன்றையும் கேளுங்கள். மொத்த நைட்ரஜனில் அம்மோனியாவின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருந்தால் புளிப்பு நன்றாக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்

சரி, நல்ல பக்கத்தை மட்டும் பிரித்துத் தாள் போட்டு மூடிவிட்டேன். கறவைக்கு முன்னால் வைத்தால் பாலில் வாடை ஏறுமா?

பதில் 1

ஏறும். கறந்து முடித்த பிறகு வையுங்கள், மிச்சத்தைத் தொட்டியில் விடாமல் கூட்டி எடுத்துவிடுங்கள்.