அவசர உதவி: செடி நெட்டையாகப் போகிறது, பக்கக் கிளையே இல்லை

கடலூர்மாடி: குச்சி மாதிரி 1½ அடி போய்விட்டது. அடியில் இலையே இல்லை. தண்ணீர் தினமும் விடுகிறேன். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

வெயில்பிரியை: என்னங்க செடி? தொட்டி எவ்வளவு பெரிது? வெயில் விழுகிறதா?

மோர்க்குடம்: எதுவானாலும் புளித்த மோரில் தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை விடுங்கள். என் கறிவேப்பிலை அப்படித்தான் தழைத்தது.

அரியாங்குப்பத்தான்: வீடு தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கமா? உப்புக்காற்றாக இருக்கும். இலை ஓரம் கருகியிருக்கிறதா பாருங்கள்.

கடலூர்மாடி: மன்னிக்கவும், திருநீற்றுப்பச்சிலை. மளிகைக்கடை சப்ஜா விதை தூவி முளைத்தது. 8 அங்குலத் தொட்டி, காலை வெயில் 4 மணி நேரம். வீடு மஞ்சக்குப்பம், இலை கருகவில்லை. சமையலுக்கு அடி இலையாகப் பறிக்கிறேன். நுனி பாவம் என்று விட்டுவைத்தேன், இப்போது அதில் பூ.

பழையகை: இதை எத்தனை தடவை எழுதுவது? கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படியுங்கள். பறிக்க வேண்டியதே நுனியைத்தான். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை எழ விடாது. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், இரண்டு பக்கமும் கடுகளவு பச்சை மொட்டு தெரியும். அந்தக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டினால் இரண்டும் கிளையாகும். கீழே இரண்டு ஜோடி இலையாவது நிற்கட்டும். இலையில்லாத முற்றிய தண்டு துளிர்ப்பது சந்தேகம்.

மோர்க்குடம்: துளசி ஜாதியை வெள்ளிக்கிழமை கிள்ளாதீர்கள்.

பழையகை: இது துளசி இல்லை ஐயா. பேரினம் ஒன்று, இனம் வேறு.

அரியாங்குப்பத்தான்: எங்கள் பக்கம் விபூதிப் பச்சிலை என்போம். கதம்பத்தில் வைத்துக் கட்டுவார்களே, அதுதானே?

பழையகை: அது மரிக்கொழுந்து.

அரியாங்குப்பத்தான்: இரண்டையும் கட்டுவார்கள். என் அம்மா பூ கட்டி விற்றவர், எனக்குத் தெரியாதா?

வெயில்பிரியை: சரி, சண்டை அப்புறம். வெட்டிய தண்டை எறியாதீர்கள். பூ இல்லாததாகப் பார்த்து, அடி இலையை நீக்கி, டம்ளர் தண்ணீரில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். தண்ணீரை மட்டும் இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள்.

மோர்க்குடம்: மோர் விட்டீர்களா?

கடலூர்மாடி: 11 நாள் ஆகிறது. மோர் விடவில்லை, வெட்டினேன். கணுவில் ஒரு துளிர் அரை அங்குலம், எதிரில் இன்னொன்று இப்போதுதான் கண் விழிக்கிறது. டம்ளரிலும் வெள்ளை வேர். நன்றி.